இருபத்து நாலாவது சிவப்பு நூல்

அன்புள்ள அமல்,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். சனிக்கிழமைதான் பேசினோம். உனக்கு ஜலதோஷம், எனக்கு முட்டி வலி, இரண்டும் இன்னும் அப்படியேதான் இருக்கும். பேனா பிடித்து நான் உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. போனிலேயே சொல்லலாமே என்று கேட்காதே. போனில் நான் பொய் சொல்லிவிடுவேன். சனிக்கிழமையும் அதைத்தான் செய்தேன், அதைத் திருத்தத்தான் இவ்வளவும். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன், வியாழக்கிழமைக்குள் நீ படித்தாக வேண்டும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. உனக்கு மனைவியாக வரப்போகிறவள் படிக்கட்டும், உன்னோடு வேலை செய்கிறவர்கள் படிக்கட்டும், நம் பங்குக் கோயிலில் யார் கேட்டாலும் கொடு. ஒளித்து வைத்தது போதும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன தடவை நீ வந்திருந்தபோது, இந்த அபிராமபுரம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உன் வேலையை எனக்கு விளக்கினாய், ஞாபகம் இருக்கிறதா? ஒரு கைக்குட்டையும் கரண்டியும் வைத்துக்கொண்டு. "சின்ன வண்டின்னா பாராசூட் போதும்மா, செவ்வாய் கிரகத்துல இறக்கிடலாம். ஆனா மனுஷன் போய் இருக்கணும்னா வீடு, தண்ணி, சாப்பாடு, எல்லாம் லாரி கணக்குல இறங்கணும். அங்க காத்து இருக்கு. ஆனா நம்ம ஊர் காத்துல நூத்துல ஒரு பங்குகூட இல்ல. சுடறதுக்குப் போதும், தாங்கறதுக்குப் போதாது." எவ்வளவு பெரிய பாராசூட் தைத்தாலும் அந்தப் பாரத்துக்குக் காணாது என்றாய். அதனால் முதலில் காற்றடைத்து விரியும் பெரிய குடை ஒன்று தலைகீழாக நின்று சூட்டையும் வேகத்தையும் வாங்கிக்கொள்ளும், பிறகு இறங்கும் திசையைப் பார்த்தே என்ஜின் நெருப்பைக் கக்கி மிச்ச வேகத்தைக் குறைக்க வேண்டும், அந்தக் குடை உங்கள் குழுவின் பொறுப்பு என்றாய். நான் கரண்டியைப் பிடுங்கி ரசம் ஊற்றினேன். ஆனால் எல்லாம் காதில் விழுந்தது. முக்கியமாக ஒன்று. அங்கிருந்து செய்தி வந்து சேர நிமிஷக்கணக்கில் ஆகும், இறங்க ஆரம்பித்தது என்று இங்கே தெரியும்போது அங்கே எல்லாம் முடிந்து போயிருக்கும், நல்லதோ கெட்டதோ, என்றாய். அன்று சாப்பாட்டை முடித்துவிட்டுப் போய்க் குளியலறையில் கொஞ்ச நேரம் நின்றேன். உனக்குத் தெரியாது.

சனிக்கிழமை நீ கூப்பிட்டபோது உன் குரல் சரியில்லை. தரையில் வைத்துச் செய்த சோதனையில் அந்தக் குடையின் ஒரு தையல் பக்கத்தில் மட்டும் சூடு ஏறிவிட்டது, சூட்டை அளக்கும் கருவிகளில் ஒரே ஒரு அளவி அப்படிக் காட்டியது, மற்றவர்கள் எல்லாம் அளவிதான் பழுது என்கிறார்கள் என்றாய். வியாழக்கிழமை கூட்டத்தில் உன் கையெழுத்து வேண்டும். "நான் மட்டும் மாட்டேன்னா, எல்லாத்தையும் பிரிச்சுத் திரும்ப தைக்கணும்மா. கிளம்பற வாய்ப்ப விட்டா அடுத்தது வர ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். எல்லாரும் என்னை முறைப்பாங்க." நான் என்ன கேட்டேன்? "ஊசித் துளை இருக்கிற இடமா?" என்று கேட்டேன். ஆமாம் என்றாய். முப்பது வருஷம் தைத்தவள் நான். துணி தாங்கும், நூலும் தாங்கும், ஊசி போன துளை வழியாகத்தான் எதுவும் உள்ளே வரும் என்று எனக்குத் தெரியாதா? நீ சந்தேகப்படுவது சரி என்று அந்த நிமிஷமே தெரிந்தது. தெரிந்துகொண்டே சொன்னேன்: "எல்லாரும் சரின்னு சொன்னா சரியாத்தான்டா இருக்கும். கல்யாணத்த வச்சிக்கிட்டு வம்ப விலைக்கு வாங்காத." நீ நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த மூச்சுதான் இந்த மூன்று நாளாக என்னை உட்காரவிடவில்லை.

மறுநாள் ஞாயிறு, கோயிலில் உங்கள் கல்யாண ஓலையை இரண்டாவது தடவையாக வாசித்தார்கள். உன் பெயர், உன் அப்பா பெயர், என் பெயர், பெண் வீட்டார் பெயர். பிறகு அந்த வழக்கமான வரி: இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். மூன்று ஞாயிறு, மூன்று தடவை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேருக்குக் கேட்ட வரி. பெண்கள் புடவையைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. நான் மட்டும் புடவையைத் தொடவில்லை. நாலு வரிசை முன்னால், அந்தோணியார் சுரூபத்துப் பக்கம், ரெஜினா அக்காவின் முதுகு தெரிந்தது.

ரெஜினா அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். கடலை உருண்டை வாங்கி வருவாரே, அவர்தான். ஏன் இப்போதெல்லாம் அவங்க வருவதில்லை என்று சின்னப் பையனாக நீ கேட்டபோது, தூரமாகக் குடிபோய்விட்டார்கள் என்று சொன்னேன். அது அரை உண்மை. ஆற்றங்கரையில் இருந்த அவர்கள் வீட்டை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள், அதெல்லாம் சரி. ஆனால் அவர் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்தியது அதற்கும் மூன்று வருஷம் முன்னால். இத்தனை தூரத்திலிருந்தும் ஞாயிறு தவறாமல் இரண்டு பஸ் மாறி இதே கோயிலுக்குத்தான் வருகிறார். பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் எல்லோரும் திரும்பிக் கை குவிப்பார்கள். அவர் என் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். இருபத்தொரு வருஷமாக.

அடையாறு தாண்டி நான் வேலை பார்த்த பாராசூட் பட்டறை உனக்கு ஒரு மங்கலான நினைவாக இருக்கும். நீ படித்ததெல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். விமானத்திலிருந்து பெரிய பாரங்களை இறக்குகிற பாராசூட்டுகள். தைப்பதைவிட மடிப்பதுதான் பெரிய வேலை. கல்யாணப் பந்தி போல நீளமான மேசை, ஒரு பக்கத்துக்கு ஒருத்தி. ரெஜினா அக்காவும் நானும் ஜோடி. கயிறுகள் சிக்காமல் இருக்க, மடிக்கும்போது விரல் நீளச் சிவப்பு நூலால் அங்கங்கே கட்டிக்கொண்டே போவோம். மடித்து முடித்ததும் ஒவ்வொரு கட்டாக வெட்டி எடுத்துத் தட்டில் போட வேண்டும். பக்கத்துக்கு இருபத்து நாலு. தட்டில் இருபத்து நாலு இருந்தால்தான் பையை மூடலாம். ஒன்று உள்ளே நின்றுவிட்டால் அந்தக் கயிறுகள் ஒன்றோடொன்று கட்டுண்டு நிற்கும், குடை நேரத்துக்கு விரியாது. மூடுவதற்கு முன் சூப்பர்வைசர் சார் மூன்று தடவை கேட்பார்: "யாராவது ஏதாவது சொல்லணுமா?" நாங்கள் கோயில்காரிகள் பாதிப் பேர், அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர் வைத்திருந்தோம்.

நீ முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு முதல் நாள் அது. உன் வெள்ளைச் சட்டை இன்னும் முடியவில்லை, காலையிலிருந்து என் மனசு வீட்டில்தான். பதிவேட்டில் வழக்கம்போல நான் இடப்பக்கம், அக்கா வலப்பக்கம் என்று எழுதியிருந்தது. மத்தியானம் எனக்குத் தோள் பிடித்துக்கொண்டதால் பக்கம் மாற்றிக்கொண்டோம், யாரும் அதைத் திருத்தி எழுதவில்லை. சாயங்காலம் கட்டுகளை வெட்டி எண்ணினேன். இருபத்து மூன்று. திரும்ப எண்ணினேன். மேசைக்கு அடியில் பார்த்தேன், முந்தானையை உதறிப் பார்த்தேன். கீழே விழுந்து யார் செருப்பிலாவது ஒட்டிக்கொண்டு போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே நின்றிருந்தால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும், மறுநாள் முழுக்க எல்லோரும் வந்து திரும்ப மடிக்க வேண்டும். நூல்கண்டு பக்கத்திலேயே இருந்தது. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினேன். அமல், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை ஊர் சிரிக்கும். நான் மறைத்தது ஒரு விரல் நீள நூல், அதனால் யாரும் சிரிக்கவில்லை.

சார் கேட்டார். முதல் தடவை, நான் உள்ளங்கையில் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை, அதைத் தட்டில் போட்டேன். மூன்றாவது தடவை கேட்க அவர் வாயைத் திறந்தபோது ரெஜினா அக்கா சொன்னார், "சார், ஓலை எல்லாம் சரி, மாப்ள யாரு, அத்த சொல்லுங்க!" அந்தக் கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் பையை மூடிவிட்டார்கள். வெளியே வரும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார், "இன்னாடி, புள்ள சட்டைக்காவா இப்டிக் கீற? பொத்தான் தான பாக்கி? கொண்டா, நான் தச்சிக்கினு வரேன்." அன்று ராத்திரி தன் வீட்டில் உட்கார்ந்து ஏழு பொத்தானும் தைத்துக் காலையில் கோயில் வாசலில் உனக்குப் போட்டுவிட்டவர் அவர்தான். கையில் மெழுகுதிரியோடு நீ நிற்கும் படத்தில் இருப்பது அந்தச் சட்டை.

பத்து நாள் கழித்துச் சோதனை. மடித்தவர்கள் பார்க்கட்டும் என்று எங்களையும் வேனில் அழைத்துப் போனார்கள். மூன்று குடை சேர்ந்து ஒரு கான்கிரீட் பாரத்தை இறக்க வேண்டும். இரண்டு விரிந்தன. மூன்றாவது பிழிந்த துணி மாதிரி நீளமாகவே வந்தது. எல்லோரும் மேலே பார்த்துக் கத்தினார்கள். நான் கத்தவில்லை. அந்தப் பாரம் விழுந்த சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் தரை வழியாகக் காலுக்கு வந்தது. யாருக்கும் அடிபடவில்லை. கான்கிரீட் இருந்த இடத்தில் பிறகொரு நாள் மனிதர்கள் இருந்திருக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். இன்றைக்கும் மாடி வீட்டில் யாராவது கட்டிலை இழுத்துப் போட்டால் என் உள்ளங்கால் அதைக் கேட்கிறது. உன் அப்பா இருந்த வரை, உனக்கு ஏன் இப்படித் தூக்கிவாரிப் போடுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரத்த அழுத்தம் என்று சொல்லி மாத்திரை சாப்பிட்டேன். பிறகு நிஜமாகவே ரத்த அழுத்தம் வந்துவிட்டது.

கயிறுகளுக்கு நடுவே, உரசிக் கருகிய சிவப்பு நூல் கிடைத்தது. வலப்பக்கம். பதிவேட்டில் வலப்பக்கம் யார்? ரெஜினா. தட்டில் இருபத்து நாலு இருந்ததால் கவனக்குறைவு என்றுகூடச் சொல்லவில்லை, ஏமாற்று என்றார்கள். "நாங்க பக்கம் மாத்திக்கினோம் சார், இவளையே கேளுங்க" என்றார் அக்கா. என்னிடம் திரும்பிச் சாதாரணமாகத்தான் கேட்டார், நேரம் என்ன என்று கேட்கிற மாதிரி, அவ்வளவு நம்பிக்கை. நான் சொன்னேன், "ஞாபகம் இல்ல சார்." நூல் வெட்டியதைவிட அந்த மூன்று வார்த்தைதான் பெரிய பாவம். அக்காவை நிறுத்திவிட்டார்கள். வேறெந்தப் பட்டறையும் எடுக்கவில்லை. அவர் மகள் ஸ்டெல்லா நர்சிங் சேர வேண்டிய வருஷம் அது. சேரவில்லை. இத்தனைக்கும் பங்கில் யாரிடமும் அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன், பல தடவை, பல சாமியார்களிடம். சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்லவில்லை.

இந்த ஞாயிறு, பூசை முடிந்ததும் ஓடினேன். இந்த முட்டியோடு. பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னா, புள்ள கல்யாணம் நல்லா நடக்கணும்னு பாவத்தக் கழுவிக்க வந்தியா?" என்றார். "தெரியலக்கா. அதுவும் இருக்கலாம்" என்றேன். பொய் சொல்லத் தெம்பு இல்லை. "நீ நூல உள்ள மறந்துட்டு பயந்துக்கினு வாய மூடிக்கினன்னு நெனச்சிக்கினு இருந்தேன். வேற நூல வெட்டியா தட்டுல போட்ட?" "ஆமாக்கா." "என் பொண்ணு இன்னிக்கு ஆஸ்பத்திரியில தரை தொடைக்கிறா. நர்சம்மா பக்கத்துலயே. தெரியுமா?" தெரியும் என்றேன். அவர் ஏற வேண்டிய பஸ் வந்து நின்று போய்விட்டது. "அந்த சட்டைய இன்னும் வச்சிக்கினு கீறியா?" என்றார். வைத்திருக்கிறேன் என்றேன். "நான் தச்ச பொத்தான் அத்தினியும் பிச்சிக் குடு." அவ்வளவுதான் கேட்டார்.

நேற்றுக் காலை பீரோவிலிருந்து சட்டையை எடுத்தேன். ஆறு பொத்தான்தான் இருந்தது. கிறிஸ்துமஸுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போனீர்களே, அப்போது ஒன்றை நீ தொலைத்துவிட்டு வந்திருந்தாய். திட்டினேன்கூட. பீரோவைக் கவிழ்த்துத் தேடினேன். பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பையை எடுத்துக்கொண்டு தி. நகருக்குப் போனேன். ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் அந்தப் பொத்தான் கடைக்கு. யோசிக்கவே இல்லை, கால் தானாகப் போனது. கடைக்காரர் டப்பா டப்பாவாகக் கிளறி ஒன்றை எடுத்தார். அதே முத்து வெள்ளை, அதே நாலு துளை. "அச்சு அசலா அதேதான்மா. ஒரு பொத்தானுக்கு இன்னா பில்லு, சும்மா எடுத்துக்கினு போங்க" என்றார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஆறோடு கலந்துவிட்டால் எனக்கே அடையாளம் தெரியாது. அப்போதுதான் அமல், என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. கூட்டமான கடையில் நின்று அழுதேன். பொத்தானைத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மனிதர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

இன்று காலை வேளச்சேரி போய் அங்கிருந்து பஸ் மாறி, அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. ஜன்னலோரம் மெஷின், பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தார். உட்கார் என்று சொல்லவில்லை. பொத்தான்களை அவர் கையில் கொட்டினேன். விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார், பட்டறையில் எண்ணுவாரே அதே மாதிரி, உதடு அசையாமல். எண்ணி முடித்து நிமிர்ந்தார்.

"ஆறு கீது. ஏழு தச்சேன்."

"ஒண்ணு குறையுதுக்கா," என்றேன். "தேடினேன். கிடைக்கல."

"கடையில வாங்கிச் சேத்திருக்கலாமே."

"கடைக்குப் போனேன்க்கா. கையில எடுத்தேன். வச்சிட்டு வந்துட்டேன்."

அவர் என்னை நிறைய நேரம் பார்த்தார். இருபத்தொரு வருஷம் பார்க்காததை எல்லாம் சேர்த்துப் பார்த்தது போல இருந்தது. மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவாரா என்றும் கேட்கவில்லை. அது அவர் இஷ்டம். நீ இப்போது என்ன வேலை செய்கிறாய், வியாழக்கிழமை என்ன கையெழுத்துப் போடப் போகிறாய் என்று மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு மெஷின் பக்கம் திரும்பி ஊசியில் நூல் கோத்தார். "எழுது. என் பேரப் போட்டே எழுது. அவனாவது வாயத் தொறக்கட்டும்" என்றார்.

அதனால் எழுதிவிட்டேன். சனிக்கிழமை சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எல்லோரும் சரி என்று சொன்னால் சரியாகிவிடாது. உன் அளவிதான் பழுதாக இருக்கலாம், நீ தப்பாகவே இருக்கலாம், பிரித்துப் பார்த்தபின் எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கலாம். சிரிக்கட்டும், சிரிப்பு வந்த வேகத்தில் போய்விடும். அந்தக் கோளில் ஒரு வீடு இறங்கும்போது இங்கே நீ கை பிசைந்துகொண்டு நிற்பாய், அங்கே எல்லாம் முடிந்து போயிருக்கும். முடிந்து போனதோடு வாழ்வது எப்படி என்று எனக்குத் தெரியும், அது உனக்கு வேண்டாம்.

வரும் ஞாயிறு மூன்றாவது ஓலை. நான் தலையைக் குனியாமல் உட்காரப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் உனக்கு வியாழக்கிழமை இருக்கிறது. அந்த அறையிலும் கேட்பார்கள், யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. முதல் தடவை கேட்கும்போதே சொல்லிவிடு, கண்ணா. மூன்றாவது தடவைக்குக் காத்திருக்காதே. மூன்றாவது தடவை யாராவது ஒரு ஜோக் சொல்லுவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், நீயும் சிரித்துவிடுவாய்.

அம்மா